பாட்டு தெரியும், படம் தெரியும்... அதை மிக்ஸ் செய்தவரைத் தெரியுமா? ஒலிக்கலைஞர் ஹெச்.ஸ்ரீதர் நினைவுகள்!

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்தால், ஏறக்குறைய அரை மணி நேரத்தில் ராஜபாளையத்தில் இறங்கிவிடலாம். மேற்கே மலை கூடவே வரும். டிரைவர் பாட்டுப் பிரியராக இருந்துவிட்டால், ஊர் வருவதற்குள் நாலைந்து பாட்டு கேட்டுவிடலாம்.

அதில் ஒன்று தொண்ணூறுகளின் ஏ.ஆர்.ரஹ்மான் பாட்டு என்று வையுங்கள். என்ன படம், யார் பாடியது, திரையில் ஆடியது யார் என்று பஸ்ஸில் பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். பாட்டெழுதியவரின் பெயரைச் சொல்லவும் ஆள் இருக்கும். 'சரி, இதை மிக்ஸ் செய்தது யார்?' என்று கேட்டால்தான் மொத்த பஸ்ஸும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

அப்படிப்பட்ட ஏராளமான பாட்டுகளுக்குப் பதில் ஒரே பெயர்தான்: ஹெச்.ஸ்ரீதர்.

நான்கு முறை தேசிய விருது வாங்கிய ஒலிப்பொறியாளர். தமிழ், இந்தி என இரண்டு மொழிகளிலும் பெரிய இயக்குநர்களின் படங்களுக்கு ஒலி அமைத்தவர். 2008 டிசம்பர் 1 அன்று சென்னையில் காலமானார். அவர் வேலை செய்த பாட்டுகளும் படங்களும் இன்றும் ஏதோ ஒரு பஸ்ஸில், டீக்கடையில், கல்யாண மண்டபத்தில் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன.

நம்ம ஊர் 'ரேடியோ செட்' காரர்

சவுண்ட் மிக்ஸிங் என்றால் என்ன? தெற்கத்தி ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து என்று எந்த விசேஷம் என்றாலும் முதலில் சொல்லி வைப்பது ரேடியோ செட்காரரிடம்தானே! கூம்பு ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்பிக் கட்டினால் அடுத்த தெருவுக்கும் கேட்கும், மைக்கை எங்கே வைத்தால் வீல் என்று கத்தாது, நாதஸ்வரம் முடிந்து வாழ்த்துரை தொடங்கும்போது எந்தக் குமிழை எவ்வளவு திருப்ப வேண்டும்... எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் சரியாகச் செய்தால் யாரும் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மைக் ஒரு தடவை கத்திவிட்டால் மட்டும் மொத்தப் பந்தலும் அவரைத்தான் முறைக்கும்.

சினிமாவின் சவுண்ட் மிக்ஸருக்கும் அதே நிலைமைதான். வேலைதான் பல மடங்கு நுணுக்கமானது.

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேளம், நாதஸ்வரம், 'கோவிந்தா' கோஷம், வடம் பிடிப்பவர்களின் சத்தம், பீப்பி விற்பவரின் ஊதல். இத்தனைக்கும் நடுவே கூட்டத்தில் கை நழுவிய பிள்ளை 'அம்மா' என்று கூப்பிட்டால், அந்தத் தாய்க்கு மட்டும் அது பளிச்சென்று கேட்டுவிடும். நம் காது அப்படி. வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதைப் பின்னால் தள்ளிவிடும்.

மைக்குக்கு அந்த வித்தை தெரியாது. அதே தேரோட்டத்தை போனில் வீடியோ எடுத்து வீட்டில் போட்டுப் பாருங்கள். எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாக இருக்கும். நம் காதும் மனசும் சேர்ந்து செய்கிற அந்த வேலையை, படம் பார்க்கிறவருக்காக முன்கூட்டியே செய்து வைப்பவர்தான் மிக்ஸர். எந்தச் சத்தம் முன்னால் வர வேண்டும், எது பின்னால் நிற்க வேண்டும், எது வேண்டவே வேண்டாம் என்பதை ஒவ்வொரு நொடிக்கும் அவர் முடிவு செய்கிறார்.

மூன்று ஆறுகள் கூடும் இடம்

ஒரு படத்தின் ஒலி, பெரும்பாலும் மூன்று வழிகளில் மிக்ஸரிடம் வந்து சேரும். முதலாவது, வசனம். நம் படங்களில் பெரும்பாலும் ஷூட்டிங் முடிந்த பிறகு, டப்பிங் தியேட்டரில் நடிகர்கள் திரையைப் பார்த்துப் பேசியது. இரண்டாவது, எஃபெக்ட்ஸ். கதவு திறப்பது, கார் கிளம்புவது, மழை, காற்று, கூட்டம் எல்லாம் இதில் அடங்கும். நடக்கிற சத்தம், புடவை உரசும் சத்தம் போன்றவற்றைத் திரையைப் பார்த்தபடியே செய்து பதிவு செய்வார்கள். அதற்குப் பெயர் ஃபோலி. மூன்றாவது, இசை. பாட்டும், சினிமாக்காரர்கள் ரீ-ரெக்கார்டிங் என்று சொல்லும் பின்னணி இசையும்.

இந்த மூன்றும் தனித்தனியாக நன்றாகத்தான் இருக்கும். ஒன்றாக ஓடவிட்டால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். வயலின் ஏறினால் வசனம் அமுங்கும். மழையைக் கூட்டினால் அழுகை கேட்காது. வசனகர்த்தாவுக்கு வசனம் கேட்க வேண்டும், இசையமைப்பாளருக்கு இசை கேட்க வேண்டும், இயக்குநருக்கு எல்லாமே கேட்க வேண்டும். இருட்டான மிக்ஸிங் தியேட்டரில், ரீல் ரீலாக, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து இவர்கள் எல்லோரையும் சமாதானம் செய்துவைக்கிற ஆள் மிக்ஸர்தான்.

இந்த வேலைக்குக் காது மட்டும் போதாது. கருவிகளின் கணக்கும் தெரிய வேண்டும், இசையும் தெரிய வேண்டும். ஸ்ரீதருக்கு இரண்டும் வாய்த்திருந்தன. கணிதம் படித்தவர். கர்னாடக இசையோ, மேற்கத்திய சிம்பொனியோ, எது முன்னால் ஓடினாலும் அதன் இலக்கணம் தெரிந்து கேட்கிற அளவுக்கு இசைப் பயிற்சியும் பெற்றவர். 1980-களின் இறுதியில் ஒலிப்பதிவுத் துறைக்கு வந்தார். தொண்ணூறுகளில் பல படங்களின் டைட்டிலில் மீடியா ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற ஸ்டூடியோவின் பெயரோடு சேர்ந்து அவர் பெயரும் வந்தது. ஏ.ஆர்.ரஹ்மானின் பாடல்களுக்கும் பல ஆண்டுகள், தன் கடைசிக் காலம் வரை ஒலிப்பொறியாளராக இருந்தார்.

நான்கு படங்கள், நான்கு விருதுகள்

ஸ்ரீதரின் வேலையைத் தெரிந்துகொள்ள நல்ல வழி, அவருக்கு விருது வாங்கிக் கொடுத்த நான்கு படங்களையும் காதால் 'பார்ப்பது'தான்.

முதல் விருது, 'மகாநதி'. சந்தான பாரதி இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்து, இளையராஜா இசையில் 1994 பொங்கலுக்கு வந்த படம். 1993-ம் ஆண்டுக்கான தேசிய விருதில் சிறந்த ஒலிப்பதிவுக்கான பரிசை ஸ்ரீதரும் கே.எம்.சூர்யநாராயணனும் பகிர்ந்துகொண்டார்கள். காவிரிக்கரையின் அமைதியில் தொடங்கி, சிறைச்சாலை, கொல்கத்தாவின் நெரிசல் என்று ஒரு மனிதனின் வாழ்க்கை சரிந்துகொண்டே போகும் கதை. இடம் மாற மாற அவனைச் சுற்றியிருக்கும் சத்தமும் மாறிக்கொண்டே வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அவன் ஊரைவிட்டு எவ்வளவு தூரம் வந்துவிட்டான் என்பது தெரியும்.

இரண்டாவது, 1998-ல் மணிரத்னம் இந்தியில் எடுத்த 'தில் சே'. தமிழில் 'உயிரே' என்று வந்த அதே படம்தான். கதாநாயகன் ஆல் இந்தியா ரேடியோ ஊழியன். ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மனிதர்களின் குரலைப் பதிவு செய்கிறவன். காற்றும் மழையும் அடிக்கிற ஓர் இரவில், ஒரு ரயில் நிலையத்தில் கதை தொடங்குகிறது. அடுத்து வருவது, நீலகிரி மலை ரயிலின் கூரைமீது ஆடிய அந்தப் பிரபலமான பாட்டு. குரல் பதிவு செய்பவனைப் பற்றிய படத்துக்கு ஒலிக்காக விருது கிடைத்தது பொருத்தம்தானே? இந்த விருது ஸ்ரீதருக்குத் தனியாகக் கிடைத்தது.

மூன்றாவது, 2001-ல் வந்த 'லகான்'. ஆமிர் கான் தயாரித்து நடிக்க, அசுதோஷ் கோவாரிகர் இயக்கிய படம். வெளிநாட்டுப் படங்களுக்கான ஆஸ்கர் பிரிவில் இறுதிப் பட்டியல் வரை சென்றது. டப்பிங் பழகிப்போன அந்தக் காலத்தில், நடிகர்கள் பேசுவதை ஷூட்டிங் நடக்கும் இடத்திலேயே பதிவு செய்த படம் இது. குஜராத்தின் கட்ச் வெட்டவெளியில் அந்த வேலையைச் செய்தவர் நகுல் காம்தே. அவர் கொண்டுவந்த நிஜக் குரல்களோடு இசையையும் எஃபெக்ட்ஸையும் உறுத்தாமல் சேர்க்கும் பொறுப்பு மிக்ஸிங்கில் ஸ்ரீதருக்கு. விருது இருவருக்கும் கிடைத்தது. கடைசி கிரிக்கெட் மேட்ச்சை மறுபடி ஒருமுறை பாருங்கள். கூட்டம் கத்துகிறது, பந்து மட்டையில் படுகிறது, பக்கத்தில் நிற்பவர் ஒரு வார்த்தை பேசுகிறார். ஒன்றுகூட மற்றதில் தொலைந்துபோகாது.

நான்காவது, 2002-ல் வந்த மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்'. அந்தப் படம் வாங்கிய 6 தேசிய விருதுகளில் ஒன்று ஒலிப்பதிவுக்கு. ஏ.எஸ்.லட்சுமி நாராயணனோடு ஸ்ரீதர் அதைப் பகிர்ந்துகொண்டார். தன்னைப் பெற்ற அம்மாவைத் தேடிப் போர் நடக்கும் நாட்டுக்குப் போகிற ஒரு சிறுமியின் கதை. குண்டுச் சத்தம் தியேட்டரை உலுக்க வேண்டும். அதற்கு நடுவே அந்தக் குழந்தை கேட்கிற கேள்வி பார்க்கிறவர் நெஞ்சில் போய் விழவும் வேண்டும். எல்லாச் சத்தத்தையும் ஏற்றி வைத்துவிட்டால் குழந்தை தொலைந்துபோவாள். எங்கே அடக்க வேண்டும் என்று தெரிந்தவர்களின் வேலை அது.

இந்த நான்கில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. மூன்று விருதுகள் இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டவை. நடிப்புக்கோ இசைக்கோ விருது என்றால் பெரும்பாலும் ஒரே ஒரு பெயர் இருக்கும். ஒலி அப்படியில்லை. ஸ்பாட்டில் மைக் பிடித்தவர், எஃபெக்ட்ஸ் செய்தவர், மிக்ஸ் செய்தவர் என்று பல கைகள் சேர்ந்த வேலை அது.

'டி.டி.எஸ்' போர்டு வந்த காலம்

சென்னை ஸ்டூடியோவில் எவ்வளவு நுணுக்கமாக மிக்ஸ் செய்தாலும், அது 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ராஜபாளையத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது? இதில்தான் அந்தக் காலகட்டத்தின் சுவாரஸ்யம் இருக்கிறது.

அதுவரை படத்தின் ஒலி, ஃபிலிம் சுருளின் ஓரத்திலேயே ஒரு கோடாகப் பதிவாகி வரும். ஃபிலிம் ஓட ஓட அந்தக் கோடும் தேயும், கீறல் விழும். பெரிய நகரங்களில் வாரக்கணக்கில் ஓடி முடித்துச் சின்ன ஊருக்கு வரும் பிரின்ட்டில், படத்தில் மழை பெய்யும். ஸ்பீக்கரில் 'கரகர' கேட்கும். பொடிசுகள் விசிலடிப்பார்கள், ஆபரேட்டருக்குத் திட்டு விழும். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இருக்காது.

1993-ல் 'ஜுராசிக் பார்க்' படத்தோடு உலகத்துக்கு அறிமுகமானது டி.டி.எஸ். இந்த முறையில் ஒலி, ஃபிலிமில் இருக்காது. தனியாக சி.டி-யில் வரும். ஃபிலிமின் ஓரத்தில் நேரக் குறியீடு மட்டும் இருக்கும். அதைப் படித்து, படம் ஓடும் இடத்துக்குச் சரியான ஒலியை சி.டி-யில் இருந்து கருவி எடுத்துக் கொடுக்கும். திரைக்குப் பின்னால் இடம், நடு, வலம் என்று மூன்று ஸ்பீக்கர் வரிசை, அரங்கின் இரு பக்கமும் சுற்றொலி, அதிர்வுக்கென்று தனியாக ஒன்று. மொத்தம் 5.1. சி.டி கெட்டாலும் படம் நிற்காது. ஃபிலிமில் இருக்கும் பழைய ஒலிக்கோடு கைகொடுக்கும்.

1995-ல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ ஒலியோடு வந்தது. 1996-ல் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ் ஒலியோடு வந்தது. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சின்ன ஊர் தியேட்டர்களும் கருவி வாங்கின. வால்போஸ்டரில் ஹீரோ பெயருக்குச் சமமான சைஸில் 'டி.டி.எஸ்' என்று போட்டார்கள். என்ன விரிவாக்கம் என்று தெரியாதவர்கள்கூட, 'டி.டி.எஸ்-ல பாக்கணும்ப்பா' என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

சின்ன ஊர் ரசிகர்களுக்கு இது பெரிய நியாயம் என்றே சொல்ல வேண்டும். ஃபிலிம் எத்தனை ஊர் சுற்றிக் கீறல் விழுந்து வந்தாலும், சி.டி-யில் இருக்கும் ஒலி கீறல் விழாமல் அப்படியே இருக்கும். ஸ்ரீதர் போன்றவர்கள் மிக்ஸிங் தியேட்டரில் உட்கார்ந்து முடிவு செய்த அதே ஒலி, ராஜபாளையத்து செகண்ட் ஷோவுக்கும் வந்து சேர்ந்தது. ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். எட்டு மணி நேரம் மெஷின் இரைச்சலில் நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் பேசவே காதருகே குனிய வேண்டியிருக்கும் ஒரு தொழிலாளி, ஷிஃப்ட் முடித்துப் படத்துக்கு வருகிறார். அவருக்குக் கூடுதல் சத்தம் தேவையில்லை. தெளிவான சத்தம் தேவை. ஓர் அம்மா மெதுவாகப் பேசுகிற வசனமும், புல்லாங்குழலின் கடைசி மூச்சும் கடைசி வரிசை வரை கேட்டது அவருக்கும் சேர்த்துத்தான்.

எல்லாத் தியேட்டர்களிலும் கருவி வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். திரைக்குப் பின்னால் ஒரே ஸ்பீக்கரை வைத்துக்கொண்டிருந்த கொட்டகைகளும் இருந்தன. 5.1-ல் பிரமாதமாகக் கேட்கும் மிக்ஸ், அந்த ஒற்றை ஸ்பீக்கரிலும் வசனம் புரியும்படி இருக்க வேண்டும். அந்தக் காலத்து மிக்ஸர்கள் இரண்டு வகைத் தியேட்டர்களையும் மனசில் வைத்துத்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது.

83 நாள்கள்

2008 நவம்பரில் அமெரிக்காவில் ஒரு படம் வெளியானது. 'ஸ்லம்டாக் மில்லியனர்'. இசை, ஏ.ஆர்.ரஹ்மான். அந்த இசைக்கு ஒலிப்பொறியாளர்களில் ஒருவர், ஸ்ரீதர். சில வாரங்களிலேயே, டிசம்பர் 1 அன்று அவர் போய்விட்டார்.

அதற்கு அடுத்து நடந்ததெல்லாம் நாடே பார்த்தது. 2009 ஜனவரியில் ரஹ்மானுக்கு கோல்டன் குளோப். பிப்ரவரி 22 அன்று ஆஸ்கர் மேடையில் இரண்டு விருதுகள். தமிழில் அவர் சொன்ன வார்த்தைகளைக் கேட்டு இங்கே வீடுகளில் கைதட்டினார்கள். அதே இரவில் அதே படத்துக்காக, கேரளத்தைச் சேர்ந்த ரசூல் பூக்குட்டி உட்பட மூன்று பேருக்குச் சிறந்த ஒலிக்கலவைக்கான ஆஸ்கர். சவுண்ட் மிக்ஸிங் என்று ஒரு வேலை இருக்கிறது, அதற்கு ஆஸ்கரே கொடுக்கிறார்கள் என்று நம்மில் பலருக்குத் தெரிந்ததே அன்றைக்குத்தான்.

ஸ்ரீதர் மறைந்து அன்றோடு 83 நாள்கள். 20 ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்தவர், அந்த வேலையின் பெயர் வீடு வீடாகப் பேசப்பட்ட நாளைப் பார்க்கவில்லை.

2010-ல் அதே இசை ஆல்பத்துக்கு கிராமி விருது கிடைத்தபோது, ஒலிப்பொறியாளர்களாக ஸ்ரீதரின் பெயரும் பி.ஏ.தீபக்கின் பெயரும் விருதுப் பட்டியலில் இருந்தன. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

டைட்டில் ஓடும்போது எழுந்திரிக்காதீர்கள்

படம் முடிந்ததும் தியேட்டரில் லைட் போட்டுவிடுவார்கள். செருப்பைத் தேடி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நகர்ந்துவிடுவோம். அப்போது திரையில் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் பெயர்களில்தான் ஒலிக்கலைஞர்கள் இருக்கிறார்கள். பாட்டு ஆப்களில் நிலைமை இன்னும் மோசம். பாடியவர், இசையமைத்தவர் பெயர் வரும். மிக்ஸ் செய்தவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கேசட், சி.டி காலத்திலாவது உள்ளே இருக்கும் மடிப்புத் தாளில் பொடி எழுத்தில் அந்தப் பெயர் இருந்தது. வீட்டுப் பரணில் பழைய ரஹ்மான் கேசட்டோ சி.டி-யோ கிடந்தால், அந்தத் தாளை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். ஹெச்.ஸ்ரீதர் என்ற பெயர் கண்ணில் பட வாய்ப்பு அதிகம்.

பெயர் தெரிவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ ஒரு வீட்டில், படிப்பில் கணக்கும் பிடிக்கும், பாட்டும் பிடிக்கும் என்று ஒரு பிள்ளை இருக்கலாம். அண்ணன் வாங்கி வைத்த ஸ்பீக்கரைக் கழற்றி மாட்டி, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கலாம். 'இதெல்லாம் சோறு போடுமா?' என்று கேட்கும் பெற்றோருக்குத் தெரிந்த சினிமா வேலைகள் நடிப்பு, டைரக்‌ஷன், கேமரா, அவ்வளவுதான். ஒலிப்பதிவுக்கென்றே சென்னை எம்.ஜி.ஆர் அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் படிப்பு இருக்கிறது. புனே, கொல்கத்தா திரைப்படக் கல்லூரிகளிலும் இருக்கிறது. இந்த இரண்டு ஊர்களிலும் நின்று போகும் பொதிகை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால், காலையில் சென்னை. கணக்கும் இசையும் தெரிந்த ஒருவர் இந்த வேலையில் நான்கு தேசிய விருது வாங்கியிருக்கிறார் என்று அந்தப் பெற்றோரிடம் சொல்ல, ஒரு பெயர் வேண்டும் அல்லவா?

அடுத்த முறை அந்த பஸ்ஸில் ஏறும்போது, போனில் ஹெட்செட்டை மாட்டி 'கன்னத்தில் முத்தமிட்டால்' பாட்டு ஒன்றைப் போடுங்கள். முதல் தடவை பாடுகிறவரைக் கேளுங்கள். இரண்டாம் தடவை குரலை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் மெதுவாக வந்து போகிற ஒரு வாத்தியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். எவ்வளவு மெலிதாக இருந்தாலும் அது காணாமல் போகாது. அதை அந்த இடத்தில், அந்த அளவில் நிறுத்திவைப்பதற்காக ஒருவர் இருட்டு அறையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்.

ராஜபாளையம் வந்துவிடும். பக்கத்து சீட்டில் இருப்பவர் 'நல்ல பாட்டுல்ல?' என்றால், மறக்காமல் அந்தப் பெயரையும் சொல்லிவிட்டு இறங்குங்கள்.